கண்மாய்க்கு வந்த அக்கா தங்கச்சிகள்

நொச்சியேந்தல் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் வந்திருக்க வேண்டிய மூன்று வருசமும் தண்ணீர் வராமல், நாலாம் வருசம் சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தீவுகள் வந்தன.

முதலில் பார்த்தது பூமயில்தான். கண்மாய்க் கரையில் மடையைக் காத்துக்கொண்டு நிற்கிற மடைக்கருப்பு சாமிக்கு வெள்ளி தவறாமல் விளக்குப் போடுகிறவள் அவள். அன்றைக்கும் எண்ணெய்க் கிண்ணத்தையும் திரியையும் முந்தானைக்குள் பொத்திக்கொண்டு கரையேறினவள், நேற்று வரைக்கும் வெடித்த களிமண்ணும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்த கண்மாய்க்குள்ளே கன்னங்கரேலென்று பாறையும் அதன் தலையில் வெள்ளை வெளேரென்று பனியுமாக ஏழு தீவுகள் நிற்பதையும், ஏழுக்கும் இடையில் மை கரைத்த மாதிரித் தண்ணீர் கிடப்பதையும், அந்தத் தண்ணீரின் மேல் பால் ஆடை போல ஐஸ் படர்ந்திருப்பதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, வந்த வேலையை முதலில் முடிப்போம் என்று விளக்கை ஏற்றப் போனாள். குளிர்காற்றில் தீக்குச்சி நாலு வீணாகி ஐந்தாவதுதான் பற்றியது. கும்பிட்டு, "கருப்பா, விருந்தாளி வந்திருக்காக. யாரு எவருன்னு நீயே விசாரிச்சுக்க" என்று சாமியிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருசனை எழுப்பினாள்.

"ஏங்க, எந்திரிங்க. கண்மாய்ல தண்ணி கிடக்கு."

சாத்தையா வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார். அவர்தான் அந்த ஊரின் நீர்க்கட்டி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பங்கு வைப்பதும், கண்மாய் நிறைந்தால் நிறைந்தது என்று ஊருக்கு அறிவிப்பதும் அவர் வேலை. அவர் வாய் திறந்து சொல்லாமல் நொச்சியேந்தலில் எந்தத் தண்ணீரும் தண்ணீர் ஆகாது. மூன்று வருசமாக வேலை இல்லாவிட்டாலும் தினமும் விடிய எழுந்து, கண்மாய்க்குள் நட்டிருக்கிற அளவுக்கல்லைப் போய்ப் பார்த்து, அப்படியே வானத்தையும் ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். அன்றைக்கும் அளவுக்கல்லைத்தான் முதலில் பார்த்தார். கல் பாதி முங்கியிருந்தது. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுச் சப்புக்கொட்டினார், காறித் துப்பினார்.

"உப்பு," என்றார். "இது தண்ணியில சேத்தி இல்ல."

கரையில் நின்றிருந்த பூமயிலுக்கு நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று பொசுக்கென்று அணைந்தது.

காரணம் இதுதான். அவளுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவன் திருப்பூரிலும் அடுத்தவன் சிங்கப்பூரிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள், நல்லது கெட்டதுக்கு வந்து போகிறார்கள். கடைசிப் பெண் வினோதா ஓசூரில் வேலைக்குப் போன இடத்தில் ஜெகன் என்று ஒரு பையனை விரும்பி, அவன் வேறு சாதி என்பதால் வீட்டில் சொல்லப் பயந்து, பதிவு ஆபீசில் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போன் பண்ணினாள். அந்தப் போன் வந்த நேரம் சாத்தையா மடைமேல் பத்துப் பேரோடு நின்றுகொண்டிருந்தார். மனுசன் முகம் கறுத்து, பக்கத்தில் கருப்பு சாமி இருக்கிறார் என்பதையும் மறந்து, "இந்தக் கண்மாய்ல மழைத் தண்ணி நிறைஞ்சாத்தான் அவ காலு என் வாசல்ல படும்" என்று சொல்லிவிட்டார். ஐப்பசி பிறக்க நாலு நாள் இருந்தது, பெய்துவிடும் என்ற தைரியத்தில் சொன்னாரோ என்னமோ. அந்த ஐப்பசி பெய்யவில்லை. அடுத்த ஐப்பசியும் அதற்கடுத்ததும் பெய்யவில்லை. மடைமேல் நின்று நீர்க்கட்டி சொன்ன சொல்லை நீர்க்கட்டியே மீறினால் நாளைக்கு அவர் பங்கு வைக்கிற தண்ணீரை எவன் ஒத்துக்கொள்வான்? இப்போது வினோதாவுக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். அந்தப் பையனுக்கும் தாய் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி ஓசூரில் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் பூமயிலுக்குச் சோறு இறங்காது. அவள் சாமியிடம் கேட்டது தண்ணீரைத்தான். வந்ததும் தண்ணீர்தான், ஆனால் உப்பு.

சரி, வந்ததை விரட்ட முடியுமா? ஊர் ரெண்டு நாள் வாயைப் பிளந்து பார்த்தது, மூன்றாம் நாள் மாட்டைக் குளிப்பாட்டக் கொண்டுபோனது. இறங்கின எருமைகள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு ஏறின. அன்று சாயங்காலம் கறந்த பால் ஜில்லென்று இருந்ததால் ஊரில் ஒரு வீட்டிலும் தயிர் உறையவில்லை, எல்லாரும் மோர் இல்லாமல் ரசத்தோடு எழுந்தார்கள். தீவுகள் தங்கள் வெயிலையும் கூடவே கொண்டுவந்திருந்தன. தெருவில் பொழுது இறங்கி விளக்குப் போட்ட பிறகும் கண்மாய்மேல் மட்டும் வெயில் மாலை நாலு மணி வெயிலாகவே நின்றது. கோழிகள் எப்போது அடைவது என்று தெரியாமல் கோபுரம் பார்க்க வந்ததுபோலக் கரையில் நின்று முழித்தன. பெண்களுக்குத்தான் கொண்டாட்டம்: பறித்த குண்டு மிளகாயை எல்லாம் கரையில் கொண்டுபோய்ப் பரப்பினார்கள், நாலு நாள் காய வேண்டியது ரெண்டே நாளில் கலகலவென்று காய்ந்தது.

டவுனிலிருந்து டிவிக்காரர்கள் வேன் போட்டு வந்தார்கள். அவர்கள் கேமராவில் மட்டும் வெறும் களிமண்ணும் கருவேலமுமே விழுந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, குடிக்க மோர் கேட்டு, அதுவும் இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விவரம் சொன்னது நடுநிலைப் பள்ளி ரூத் டீச்சர்தான். ஸ்கூட்டரில் முன்னால் அட்லஸை வைத்துக்கொண்டு வந்தவர், கரையில் மிளகாய்க்கு நடுவில் உட்கார்ந்து, பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "இங்க பாருங்க, உலக உருண்டையோட உச்சந்தலை. இதுக்கு மேல நிலமே கிடையாது. இந்த ஏழு புள்ளியும் இருக்கே, அதுதான் இதுக. பாதி வருசம் பகல், பாதி வருசம் ராத்திரி. ஒரு செடி முழங்கால் ஒசரம் வளராது. இதுவரைக்கும் ஒரு மனுசன்கூடக் குடியிருந்தது இல்ல."

"ஒருத்தர்கூடவா?" என்றாள் பூமயில்.

"ஒருத்தர்கூட இல்ல. எப்பவோ ஒரு கப்பல்காரர் தூரத்துல போகும்போது பார்த்துட்டுத் தன் பேரை வச்சிட்டுப் போயிட்டாரு. பேரு வாயில நுழையல."

"ஆம்பளை பேரா?" என்று முகத்தைச் சுளித்தது, சாத்தையாவின் அக்காள் சிட்டம்மா. அடுத்த வீடுதான்; நாக்கில் எப்போதும் உப்பும் புளியும் வைத்திருப்பவள். "நாம வேற வைப்போம்."

அப்படித்தான் பேர் வந்தது. உயரமாக ஒற்றைப் பாறையாக நிற்கிறவள் நெட்டச்சி. பனியே இல்லாமல் வழுக்கையாக இருக்கிறவள் மொட்டச்சி. செங்குத்தான பாறை முழுக்க ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பறவை அடைந்து கத்திக்கொண்டே இருக்கிறவள் சந்தைக்காரி. எங்கேயோ தூரத்து ஆறுகளில் விழுந்த மரமெல்லாம் மிதந்து வந்து கரையில் ஒதுங்கிக் கிடக்கிறவள் விறகுக்காரி. மரமே முளைக்காத ஊரில் இம்புட்டு விறகா என்று பெண்கள் அதிசயப்பட்டு, ஆளுக்கு ஒரு கட்டுக் கொண்டுவந்து அடுப்பெரித்தார்கள், புகையே இல்லாமல் எரிந்தது. மீசையும் ரெண்டு முழத் தந்தமும் வைத்த பெரிய கடல் மிருகங்கள் அசையாமல் படுத்துக் கிடக்கிறவள் சோம்பேறி. ஓரத்தில் சின்னவளாக நிற்கிறவள் கடைக்குட்டி. எல்லாருக்கும் நடுவில், தலையில் பெரிய பனிக் கொண்டையோடு நிற்கிறவள் பெரியவள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல," என்றார் டீச்சர். "இந்தப் பெரியவ மட்டுமே இருபது மைல் நீளம்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. உங்க கண்மாயைச் சுத்தி வந்தாலே மூணு மைல்தான். எப்படி அடங்குச்சு?"

"என் மகளுக நாலு பேரும் புருசன் பிள்ளையோட பொங்கலுக்கு வந்தா என் ஓட்டு வீட்டுக்குள்ள அடங்கல?" என்றாள் சிட்டம்மா. "பிறந்த வீட்டுல ஒருக்களிச்சுப் படுத்தா எல்லாம் அடங்கும் டீச்சரம்மா."

அன்றைக்குப் பூமயில் ஒரு சந்தேகம் கேட்டாள். "அந்தத் தலையில இருக்க பனி என்னதும்மா?"

"பனின்னா வேற ஒண்ணும் இல்லம்மா. மழைதான். பத்தாயிரம் வருசமா விழுந்த மழை, ஓடாம அப்படியே நிக்குது."

பூமயில் அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வி.ஏ.ஓ. வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான சின்ன வயசுத் தம்பி; கையில் ஒரு நோட்டீஸ். நீர்நிலைப் புறம்போக்கில் அனுமதி இல்லாமல் அமைந்திருக்கும் ஏழு தீவுகளும் பதினைந்து நாளுக்குள் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. படித்துக் காட்டிவிட்டு, "குடியிருக்கிறவங்க யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடணும்" என்றார்.

"குடியே இல்லாத இடத்துல யாருகிட்டய்யா கையெழுத்து வாங்குவ?" என்றார் சாத்தையா.

"அப்ப ஒட்டிட்டுப் போகணும் ஐயா, ரூல்ஸ் அப்படி."

கரையோரம் நின்ற கடைக்குட்டியின் பாறையில் பசை தடவினார். தடவின பசை கண்ணாடி மாதிரி உறைந்துபோனது. ஊதி ஊதிச் சூடாக்கி ஒட்டினார். சந்தைக்காரியிலிருந்து ஒரு வெள்ளைப் பறவை வந்து நோட்டீசைக் கொத்திக்கொண்டு போய்க் கூட்டில் மெத்தையாக விரித்துக்கொண்டது. "சேர்ப்பிக்கப்பட்டதுன்னு எழுதிக்கய்யா, வாங்கிட்டாகல்ல" என்றாள் சிட்டம்மா. கரை முழுக்கச் சிரித்தது, வி.ஏ.ஓ. தம்பியும் சிரித்துவிட்டார்.

பூமயில் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வெள்ளிக்கு வெள்ளி வந்தவள், இப்போது தினமும் வந்தாள். மூன்று பெற்றவள், ஊரில் முப்பது பிரசவத்துக்குக் கூட இருந்தவள். ஆகவே அவள் கண்ணுக்கு அது மெதுமெதுவாகத் தெரிய ஆரம்பித்தது, தெரிந்தபின் தெரியாமல் போகவில்லை. பெரியவள் நேராக நிற்கவில்லை, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பவளைப் போலப் பின்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றாள். நடு மேடு வந்த நாளைவிட ஒரு பனை உயரம் எழும்பியிருந்தது. சரிவில் வரிவரியாகப் படிகள் இறங்கின. அது ஒவ்வொன்றும் பழைய கடற்கரை, பனியின் பாரம் குறையக் குறையத் தரை மேலே எழும்பி வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார், ஆனால் பூமயிலுக்கு அது நிறைமாதக்காரி வயிற்றில் விழுகிற வரியாகத்தான் தெரிந்தது. காலையில் சில நேரம் உள்ளுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்து அடங்கும். மற்ற ஆறு பேரும் அவளைச் சுற்றி வட்டமாக, பிரசவ வார்டு வாசலில் ஃபிளாஸ்க்கும் துணிப்பையுமாக நிற்கிற பெண்களைப் போல நின்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வினோதாவின் போன் வந்தது. வெள்ளி பதினோரு மணிக்குச் சாத்தையா வீட்டில் இருக்கமாட்டார், டீக்கடைக்குப் போய்விடுவார். அதனால் அதுதான் அவர்கள் பேசுகிற நேரம்.

"அம்மா, எட்டு பொறந்துருச்சு."

"கால் வீங்குதாத்தா?"

"லேசா."

"படுக்கும்போது தலகாணியைக் காலுக்கு வை, தலைக்கு வேணாம். அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருச்சா?"

"நைட் ஷிப்டும்மா, தூங்குறாரு. பாத்திரமெல்லாம் அவருதான் கழுவி வச்சாரு." பிறகு, "அங்க குளுராமே? இங்க வெந்து போகுது. அப்பா என்ன பண்றாரு?" என்றாள்.

"உங்கப்பா கண்மாயை நக்கி நக்கிப் பார்த்துட்டுத் திரியுறாரு."

மகள் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டுப் பூமயில் நேராகக் கரைக்குப் போனாள். மிளகாய் கிளறிக்கொண்டிருந்த பெண்கள், சாத்தையா, நோட்டீசின் கெடு முடிந்ததா என்று பார்க்க வந்த வி.ஏ.ஓ., எல்லாரும் இருந்தார்கள். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள் அன்றைக்குப் பேசினாள்.

"இதுக ஏன் வந்திருக்குன்னு நான் சொல்லவா? பெரியவ மாசமா இருக்கா. மனுச மக்களே இல்லாத ஊர்ல எப்படிப் பெறுறது? வெந்நி வைக்க ஒரு ஆள் வேணாம்? அதான் ஆள் இருக்க இடமாப் பார்த்து, அக்கா தங்கச்சி எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கா. தலைச்சன் பேறுக்கு வந்தவளுக்குக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் ஒட்டுறீகளேய்யா."

எல்லாரும் பெரியவளைப் பார்த்தார்கள், பார்த்தபின் எல்லாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. "அட ஆமா!" என்று சிட்டம்மா தன் தலையில் தானே கொட்டிக்கொண்டாள். "நாலு பெத்த எனக்குத் தோணலையே. வலது பக்கம் சாஞ்சு நிக்கிறா, பொட்டப் பிள்ளைதான்." வி.ஏ.ஓ. தம்பி பேனாவை எடுத்து, 'பிரசவத்தை முன்னிட்டு அவகாசம் அளிக்கலாம்' என்று கோப்பில் எழுதிக்கொண்டார். அவருடைய அக்காவும் அப்போது மாசமாகத்தான் இருந்தாளாம்.

வளைகாப்புப் போடாமல் விடுவார்களா? வைகாசியில் நல்ல நாள் பார்த்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வீட்டுக்கு ஒரு சட்டி ஆக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தயிர்ச் சோறுக்கு மட்டும் பக்கத்து ஊரிலிருந்து தயிர் வந்தது. பெரியவள் அவளாகவே படித்துறைப் பக்கம் ஒதுங்கி வந்து நின்றாள். இருபது மைல்காரிக்கு எந்தக் கையில் வளையல் போடுவது என்று குழம்பி, கடைசியில் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் கையிலிருந்து ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றிக் கொடுக்க, எல்லாவற்றையும் தேர் வடக்கயிறு ஒன்றில் கோத்து, அவளுடைய நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறை முனையில் சுற்றினார்கள். காற்றடித்தால் கண்மாய் முழுக்கக் கலகலவென்றது. வெகு நாளைக்கப்புறம் கூடப் பெண்களுக்குத் தங்கள் கையில் ஒன்று குறைகிறது என்ற நினைப்பே வரவில்லை.

நொச்சியேந்தலில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிரசவத்துக்கு வருகிற பெண்ணின் காலில் அவளுடைய தகப்பன் தன் கையால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, "வந்துட்டியா தாயி" என்று சொன்ன பிறகுதான் அவள் வாசற்படி ஏறுவாள். "பெரியவளுக்குத் தகப்பன் யாரு?" என்று கேள்வி வந்தது. கண்மாய்க்கு வந்தவளுக்குக் கண்மாயைக் காக்கிற நீர்க்கட்டிதான் தகப்பன் என்று ஊர் சொல்லிவிட்டது. சாத்தையா குழாய்த் தண்ணீர் ஒரு குடம் சுமந்துவந்து பெரியவளின் ஓரத்தில் ஊற்றினார். "வந்துட்டியா தாயி" என்று சொல்லும்போது குரல் பாதியில் உடைந்து, இருமுவதுபோலச் சமாளித்தார்.

சிட்டம்மா விடுவாளா? "ஏன் தம்பி, கல்லுக்குக் கால் கழுவுன கைக்கு, பெத்த பிள்ளைக்குக் கழுவ வலிக்குதோ?"

"நான் என்னக்கா செய்ய?" என்றார் சாத்தையா, குடத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி. "மடைமேல நின்னு சொல்லிட்டேன். மழைத் தண்ணின்னு சொல்லிட்டேன். இது உப்பாக் கிடக்கே."

அவர் கண் தானாக வானத்துக்குப் போனது. பூமயில் அதைப் பார்த்தாள். மூன்று வருசமாக இந்த மனுசன் தினமும் வானத்தை அண்ணாந்து பார்த்தது நெல்லுக்காக இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வெந்நீரில் போட்ட வெல்லமாகக் கரைந்துபோக, அன்று சாயங்காலம் கருப்பு சாமியிடம் அவள் வேண்டுதலை மாற்றிக்கொண்டாள்: "என் மகளுக்காக மட்டும் கேட்கல கருப்பா. அந்த மனுசனுக்காகவும் கேக்குறேன். சொல்லிட்டு மாட்டிக்கிட்டாரு. நீதான் ஒரு வழி விடணும்."

பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மேகம் இல்லாத வானத்தின் கீழே இடி இடித்தது. கரையில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். பெரியவளின் தலைப் பனி நடுவில் பிளந்து, நீலமாய் ஒரு கோடு ஓடி, அந்தக் கோடு அகன்று, கோபுரம் கோபுரமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தது. படித்துறையில் மூன்று படிக்கு அலை ஏறி இறங்கியது. சந்தைக்காரியின் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி வானத்தை வெள்ளையாக்கின. வந்த நாளிலிருந்து அசையாமல் கிடந்த சோம்பேறியின் மிருகங்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. பனி விலகின இடத்தில், பெரியவளின் மடியோரம், ஒரு மாட்டுக்கொட்டகை அளவில், ஈரமாக, ஆவி பறக்க, கன்னங்கரேலென்று ஒரு குட்டித் தீவு இருந்தது.

சிட்டம்மாதான் முதல் குலவை போட்டாள். அப்புறம் கரையே குலவை போட்டது.

பூமயில் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனாள். புதுசாய்ப் பிறந்த பாறையின் ஓரத்தில் விரலால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். கறுத்த பிள்ளைக்குக் கறுப்புப் பொட்டு தெரியாதே என்று, மடியிலிருந்த திருநீற்றை எடுத்துக் கண்படாமல் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தாள். "நல்லா இரு ஆத்தா" என்றாள். அப்போதுதான் காலில் படுகிற தண்ணீர் வேறு மாதிரி இருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அளவுக்கல் முழுக்க மூழ்கியிருந்தது. விழுந்த பனியெல்லாம் அந்த வைகாசி வெயிலில் உருகி உருகித் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் கண்மாய் விளிம்பு தொட்டு, மூன்று வருசமாக ஆடு படுத்துக் கிடந்த கலுங்கின் மேல் தண்ணீர் வழிந்து மறுகால் பாய்கிற சத்தம் ஊருக்குள் கேட்டது.

சாத்தையா வந்தார். ஊரே ஒதுங்கி வழிவிட்டது. பூமயில் பக்கத்தில் போய் மெதுவாக, "பனிங்கிறது ஓடாம நின்ன மழைதான்னு டீச்சரம்மா சொல்லுச்சு" என்றாள்.

"நீ சும்மா இரு. நாக்கு சொல்லட்டும்."

ஒரு கை அள்ளிக் குடித்தார். துப்பவில்லை, முழுங்கவும் இல்லை. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். முழுங்கினார். ரெண்டாம் கை அள்ளினார். மூன்றாம் கை அள்ளும்போது தண்ணீரில் பாதி நெஞ்சில் வழிந்தது. பிறகு மடைமேல் ஏறி, கருப்பு சாமிக்கு முன்னால் தேங்காயை உடைத்து, மூன்று வருசமாகப் போடாத நீர்க்கட்டிக் குரலில், கடைசித் தெருவரைக்கும் கேட்கும்படி, "பெரிய கண்மாய் நிறைஞ்சுருச்சேய்!" என்றார்.

"எந்தத் தண்ணி தம்பி?" என்று கீழேயிருந்து கேட்டாள் சிட்டம்மா, விடாமல்.

"மழைத் தண்ணிக்கா. பழைய மழை."

இறங்கிவந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஓசூருக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

பூமயில் முகத்தை மறைத்துக்கொள்ளக் குனிந்து, விழாத திரி விழுந்துவிட்டதுபோலத் தரையில் தேடினாள். "அட்ரசு..." என்று ஆரம்பித்தாள்.

"உன்கிட்ட இருக்கும்னு தெரியும், எடுத்துக் குடு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான் எதுக்கு வீட்டை விட்டுப் போறேன்னு நினைச்ச? அந்தக் கடை டீ என்ன அமிர்தமா?"

தீவுகள் பிள்ளை பெற்ற முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து ஆனி மாதக் கடைசியில் கிளம்பிப் போனதையும், ஊரே கரையில் நின்று வழியனுப்பியதையும், போகும்போது அடியில் மிச்சமிருந்த உப்பையெல்லாம் தங்களோடு எடுத்துக்கொண்டு இனிப்புத் தண்ணீரை மட்டும் ரெண்டு போகத்துக்கு விட்டுப்போனதையும், ரூத் டீச்சரின் அட்லஸில் ஏழு புள்ளிக்குப் பக்கத்தில் யாரும் வைக்காமல் எட்டாவதாக ஒரு புள்ளி இருப்பதையும் இன்னொரு நாள் விரித்துச் சொல்லலாம். இப்போது சொல்ல வேண்டியது அந்தச் சனிக்கிழமை காலை.

மினி பஸ் வந்து நின்றது. முதலில் ரெண்டு கையிலும் பையோடு ஜெகன் இறங்கினான். இறங்கி, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் கும்பிட்டான். எதிரே நின்ற ஒரு எருமையும் அதில் சேர்ந்துவிட்டது. "பாத்திரம் கழுவுற மாப்பிள்ளை இவருதானா?" என்றாள் சிட்டம்மா. "இறங்குங்க தம்பி, வீட்டுல நிறையக் கிடக்கு." பிறகு வினோதா, முகம் கறுத்து, வயிறு முன்னால் வர, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளத் துடித்த பூமயில், அது தன் முறை இல்லை என்று வாசல் ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சாத்தையாவைக் காணோம். பஸ் கண்மாய்க் கரையில் திரும்பும்போதே நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாராம். எல்லாரும் வாசலில் காத்து நிற்க, தெருக்கோடியில் அவர் வந்தார். தோளில் குடம், நாலு முழ வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. வந்து, மகளுக்கு முன்னால் நின்று, குடத்தைச் சாய்த்தார்.

"வந்துட்டியா தாயி," என்றார்.

தண்ணீர் காலில் பட்டதும் வினோதா வீலென்று கத்தி ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள். வயிற்றில் பிள்ளையும் சேர்ந்து உதைத்ததில் சிரிப்பும் அழுகையுமாக அம்மாவின் தோளைப் பிடித்தாள். "என்னப்பா இது, இம்புட்டுக் குளுருது!"

சாத்தையா குடத்தில் மிச்சமிருந்ததை மகளின் அடுத்த காலிலும் மெதுவாக ஊற்றினார்.

"தூரத்துத் தண்ணி ஆத்தா," என்றார். "வந்து சேர இம்புட்டு நாளாச்சு."